தோத்மா: வடரஷ்யக் காட்டுக்குள் ஓர் ஆற்றங்கரை ஊருக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

சுஹோனா ஆற்றின் எதிர்க்கரையில் நின்று தோத்மாவைப் பார்க்க வேண்டும். உயர்ந்து ஒடுங்கிய தேவாலயங்கள், பாய் விரித்துக் கிளம்பத் தயாரான கப்பல்களைப்போல மரவீடுகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். கடலோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் ஊசியிலைக் காடு. காட்டுக்குள் இருக்கும் இந்த ஊருக்குக் கப்பல் ஆசை எப்படி வந்தது என்பதுதான் தோத்மாவின் கதை. அதைத் தெரிந்துகொள்ள மூன்று இரவாவது அங்கே தங்க வேண்டும் என்பேன்.

பெரும்பாலானோர் தங்குவதில்லை. ரஷ்யக் குழந்தைகள் புத்தாண்டுப் பரிசு கேட்டுக் கடிதம் எழுதும் பனித்தாத்தாவின் ஊர் வெலீகி உஸ்த்யூக். வோலக்தா நகரிலிருந்து அங்கே போகிற வழியில் இங்கே இரண்டு மணி நேரம் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

தோத்மா ரஷ்யாவின் வோலக்தா மாநிலத்தில் இருக்கிறது. எழுத்தில் இந்த ஊரின் பெயர் முதலில் வருவது 1137-இல். மாஸ்கோவின் பெயர் ஏடுகளில் வந்ததே 1147-இல்தான். ஊர்க்காரர்கள் இந்தப் பத்து வருட மூப்பை உங்களிடம் சொல்லாமல் விடமாட்டார்கள்.

முதலில் ஊரை வாழவைத்தது உப்பு. நிலத்தடியில் உப்புநீர் இருந்தது. மரத்தண்டுகளைக் குடைந்து குழாயாக்கி, பூமிக்குள் ஆழமாக இறக்கி, நீரை மேலே எடுத்துக் காய்ச்சினார்கள். அடுத்து ஆறு. பீட்டர் பேரரசர் 1703-இல் பீட்டர்ஸ்பர்க் நகரைத் தொடங்கும்வரை, மாஸ்கோவின் சரக்கு வெளிநாடு போன முக்கிய வழி வோலக்தா நகர், சுஹோனா ஆறு, வட த்வினா ஆறு, வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் துறைமுகம் என்பதுதான். பீட்டர்ஸ்பர்க் வளர வளர அந்த வணிகம் பால்டிக் பக்கம் திரும்பிவிட்டது. அந்த வடக்கு வழி ஓய்ந்ததும் தோத்மா வணிகர்கள் கிழக்கே திரும்பினார்கள். சைபீரியாவைக் கடந்து, பசிபிக் கரையில் கப்பல் கட்டி, அலூஷியன் தீவுகளுக்கும் அலாஸ்காவுக்கும் போய் மென்மயிர்த் தோல் கொண்டுவந்தார்கள். அந்தப் பணம் தேவாலயங்களாகி இன்றும் நிற்கிறது. 1780-இல் ஊருக்குச் சின்னம் கொடுத்தபோது, பொன்னிறப் பின்னணியில் ஒரு கறுப்பு நரி கிடைத்தது. ஊருக்குள் எங்கு திரும்பினாலும் அந்த நரியைப் பார்ப்பீர்கள்.

படி 1: எப்போது போவது

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை என்பது என் பரிந்துரை. கொசு அடங்கியிருக்கும், பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும், காட்டில் பழமும் காளானும் நிறைந்திருக்கும். நான் போனது செப்டம்பர் முதல் வாரம். பேருந்து நிலையத்தின் ஓரத்தில் ஒரு மூதாட்டி இரண்டு வாளி நிறையச் சிவப்புக் காட்டுப்பழம் வைத்து உட்கார்ந்திருந்தார். ப்ருஸ்னீக்கா என்று பெயர். புளிப்பும் லேசான கசப்பும். குவளையால் அளந்து காகிதப் பொட்டலத்தில் கொடுத்தார். ஊரில் நான் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

ஜூன் கடைசிக்கும் ஒரு தனி அழகு உண்டு. தோத்மா ஏறத்தாழ 60 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம் நீளும். இரவு ஒன்பதரை வாக்கில் சூரியன் மறைந்தாலும் வானம் முழுதாக இருட்டாது. ஆனால் கொசுவும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கடிபூச்சிகளும் உங்களை விடாது.

ஜனவரியில் பகல் ஆறேழு மணி நேரம்தான். குளிர் மைனஸ் 30-க்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. ஆறு உறைந்து வெள்ளைச் சாலையாகக் கிடக்கும். சரியான உடுப்பு இருந்தால் அதையும் அனுபவிக்கலாம். ஏப்ரலை மட்டும் தவிருங்கள். பனி உருகி எங்கும் சேறு, காட்டுப்பாதைகள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கும்.

படி 2: விசாவும் பாதுகாப்பும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ரஷ்ய இ-விசா கிடைக்கிறது. ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் புகைப்படம், கடவுச்சீட்டின் முதல் பக்கம் இரண்டையும் ஏற்றி, கட்டணம் கட்டினால் நான்கு நாளில் முடிவு வரும். தொடக்கத்தில் 16 நாள் தங்கத்தான் அனுமதி இருந்தது. 2025 ஆகஸ்டில் அதை 30 நாளாக்கினார்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை பாருங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். இ-விசாவை எல்லா எல்லைச் சாவடிகளிலும் ஏற்கமாட்டார்கள். மாஸ்கோ விமான நிலையங்களில் ஏற்பார்கள். தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி முதல் ரஷ்யா உக்ரைன்மீது போர் நடத்திக்கொண்டிருக்கிறது. தோத்மா போர்முனையிலிருந்து வெகுதூரம். ஆனால் ட்ரோன் அச்சத்தால் மாஸ்கோ விமான நிலையங்களைச் சில மணி நேரம் மூடுவது நடக்கிறது. அடுத்த விமானத்துக்கு நெருக்கமாகத் திட்டம் போடாதீர்கள். ரயில் நிலையம், பாலம், ராணுவ வண்டி, சீருடை ஆட்கள் எதையும் படமெடுக்காதீர்கள். போரைப் பற்றிப் பொது இடத்தில் பேச்சு வேண்டாம், சட்டம் கடுமையானது. வேலை வாங்கித் தருவதாகவோ, "உதவியாளர்" வேலைக்கு ஒப்பந்தம் என்றோ யாராவது காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். அப்படி ஏமாந்து ரஷ்ய ராணுவத்தில் சிக்கி உயிரிழந்த இந்தியர்கள் இருக்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது.

போவதா வேண்டாமா என்பதை இதையெல்லாம் எடைபோட்டு, வீட்டாரோடும் பேசி நீங்களே முடிவெடுங்கள்.

படி 3: பணமும் போனும்

ரஷ்யாவுக்கு வெளியே வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்வதில்லை. ஆகவே மொத்தப் பயணத்துக்கும் ரொக்கம்தான். மடிப்பும் கிறுக்கலும் இல்லாத புது டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோய் மாஸ்கோ வங்கியில் ரூபிளாக மாற்றிவிடுங்கள். தோத்மா போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பணத்தை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள்.

வெளிநாட்டவர் ரஷ்ய சிம் வாங்க 2025 முதல் முகத்தையும் குரலையும் பதிவுசெய்வது உள்ளிட்ட நடைமுறைகள் வந்துவிட்டன. சில நாள் பயணத்துக்கு அது தோதுப்படாது. மொபைல் இணையத்தையும் அவ்வப்போது நிறுத்திவைக்கிறார்கள். வரைபடத்தையும் ரஷ்ய மொழிபெயர்ப்புப் பொதியையும் இணையம் இல்லாமலே வேலை செய்யும்படி ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். தங்குமிடத்தின் முகவரியை ரஷ்ய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

படி 4: போய்ச் சேருவது

டெல்லியிலிருந்து மாஸ்கோவுக்கு நேரடி விமானம், ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து போகிறவர்கள் டெல்லி வழியாகவோ வளைகுடா வழியாகவோ போகலாம்.

மாஸ்கோவில் யரஸ்லாவ்ல் ரயில் நிலையம் போய் வோலக்தாவுக்கு ரயில் பிடியுங்கள். சுமார் 500 கி.மீ., ஏழெட்டு மணி நேரம். இரவு ரயிலே நல்லது. ரயில்வே தளத்தில் நம் அட்டை செல்லாது என்பதால் நிலையச் சாளரத்தில் கடவுச்சீட்டைக் காட்டி ரொக்கத்தில் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் கூட்டம் அதிகம், மாஸ்கோ போனதுமே முதல் வேலையாக இதை முடியுங்கள். "ப்ளாத்ஸ்கார்த்" என்றால் கதவில்லாத படுக்கை வகுப்பு, நம் ஸ்லீப்பர் போல. "குப்பே" என்றால் நான்கு பேருக்கான அறை. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் வெந்நீர்க் கொதிகலன் எப்போதும் சூடாக இருக்கும். பெட்டிப் பொறுப்பாளரான அம்மையாரிடம் கேட்டால் உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளர் தருவார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட ரஷ்யப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, அந்த டம்ளரைக் கையில் வாங்கும்போது ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தொடுவதுபோல இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

வோலக்தாவில் ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையம். தோத்மாவுக்கு ரயில் கிடையாது. பேருந்துதான் வழி, 200 கி.மீ.க்கு மேல், சுமார் நான்கு மணி நேரம். நடுவே அரை நாள் இருந்தால் பையை வைத்துவிட்டு 1568-இல் தொடங்கிக் கட்டிய சோபியா பேராலயத்தைப் பார்த்து வாருங்கள். பேருந்தில் இடது வலது என்ற கவலை வேண்டாம். இருபுறமும் காடுதான். முதல் ஒரு மணி நேரம் அலுக்கலாம், பிறகு கண் பழகிவிடும். ஊசியிலை மரங்களின் கருமைக்கு நடுவே பிர்ச்சின் வெண்மை, திடீரென்று ஒரு வெட்டவெளி, அதில் கூரை சரிந்த மரவீடு, மறுபடி காடு.

படி 5: தங்குமிடமும் பதிவும்

இங்கேதான் நான் இடறினேன். முன்பதிவு செய்துகொண்டு போன சிறு விடுதியில், வாசலில் கடவுச்சீட்டைப் பார்த்ததும், "வெளிநாட்டவரைப் பதிவுசெய்ய எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்கள். மழையில் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடினேன். ரஷ்யாவில் வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; சின்ன ஊரில் எல்லோரும் அதைச் செய்வதில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே "இந்தியக் குடிமகன், பதிவு செய்துதருவீர்களா?" என்று ரஷ்யனில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சீட்டைக் கிளம்பும்வரை பத்திரமாக வையுங்கள்.

தேர்வு இருந்தால் ஆற்றங்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில், பான்யா உள்ள விருந்தினர் வீட்டை எடுங்கள். பான்யா என்றால் விறகுச் சூட்டில் நீராவிக் குளியல். முதல் தடவை போகிறவர்கள் கீழ்த்தட்டில் ஐந்து நிமிடம் மட்டும் உட்காருங்கள். பிர்ச் கிளைக் கட்டால் முதுகில் தட்டுவார்கள், வலிக்காது. மழை நனைத்த இலையின் வாசம் அறை முழுக்கப் பரவும். ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

படி 6: முதல் நாள், ஆறும் தேவாலயங்களும்

காலையில் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய் முதலில் தூரத்திலிருந்து பாருங்கள். பிறகு திரும்பி வந்து எருசலேம் நுழைவுத் தேவாலயத்துக்குப் போங்கள். பானவ் சகோதரர்கள் கிரிகோரியும் பியோத்தரும், கடல்வழித் தோல் வணிகத்தில் சேர்த்த பணத்தில் 1774-க்கும் 1794-க்கும் இடையே கட்டியது இது.

சுவருக்கு அருகே போங்கள். எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தோத்மாவின் அற்புதம் இருப்பது சுவரில். பழைய கடல் வரைபடங்களின் மூலையில் தலைப்பைச் சுற்றிச் சுருள்சுருளாக ஒரு சட்டம் வரைந்திருப்பார்கள் அல்லவா, அதே வடிவம் ஜன்னல்களுக்கு இடையே சுவரில் புடைத்து நிற்கிறது. ஊரில் அதைக் கார்த்தூஷ் என்கிறார்கள். பிறகு பூசிய சுண்ணச் சிற்பம் என்றுதான் நான் நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அத்தனையும் செங்கல். கல்லைச் சீவி, முனையை வளைத்து, சுவர் எழும்பும்போதே கொத்தனார் வெளியே தள்ளி அடுக்கியிருக்கிறார். ஒரு சுருளின் நுனியில் சீவிய கல் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் பனியில் வெடித்தும் உதிராமல் நிற்கிறது. பிற்பகல் வெயில் சாய்ந்து விழும்போது நிழல் ஏறி, வடிவம் இன்னும் தெளிவாகத் தெரியும். அதே சுவருக்கு இருமுறை போங்கள்.

இந்தத் தேவாலயத்துக்கு உள்ளேதான் மாலுமிகள் அருங்காட்சியகம். கடல் கண்ணுக்கே தெரியாத ஊருக்கு மாலுமிகள் அருங்காட்சியகம் ஏன் என்பதற்கு உள்ளே விடை இருக்கிறது. அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை இருக்கும், பெரும்பாலும் திங்கள். முதல் நாளே நேரத்தை விசாரித்து வையுங்கள்.

பிறகு கிறிஸ்து பிறப்புத் தேவாலயம், மீனவர் குடியிருப்பில் 1768-இல் கட்டத் தொடங்கிய திரித்துவத் தேவாலயம். இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். வழிபாடு நடக்கும் இடத்தில் பெண்கள் தலைக்குத் துணி போட்டுக்கொள்ள வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். படமெடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் கரையோரம் நடங்கள். இங்கே வனவியல் பள்ளியில் படித்த கவிஞர் நிகோலாய் ரூப்த்ஸோவின் சிலை ஆற்றங்கரையில் அமர்ந்த நிலையில் இருக்கிறது. ஊர் மக்கள் அந்தப் பக்கம் வந்து பேசாமல் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள்.

படி 7: இரண்டாம் நாள், குஸ்கோவும் மடமும்

இவான் குஸ்கோவ் 1765-இல் இந்த ஊரில் பிறந்தவர். அலாஸ்காவுக்குப் போய், பிறகு 1812-இல் கலிஃபோர்னியாக் கரையில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, ரோஸ் கோட்டையை நிறுவினார். சுமார் ஒன்பது ஆண்டு அதை நடத்தினார். அங்கிருந்து திரும்பி 1823-இல் தோத்மா வந்துசேர்ந்தார். அதே வருடம் இறந்துபோனார். உலகத்தின் மறுமுனையில் கோட்டை கட்டியவர் கடைசியில் இந்த மரத்தெருவுக்குத்தான் வந்தார். அவர் நினைவாக உள்ள மரவீட்டு அருங்காட்சியகம் சின்னது. ஒரு மணி நேரம் போதும்.

அவரை அடக்கம் செய்த ஸ்பாஸோ-சுமோரின் மடம் ஊரின் ஓரத்தில், பேஸ்யா தேங்கா என்னும் சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. உப்பளத்தைக் கவனிக்க வந்த தியோதோஸி சுமோரின் என்ற துறவி 1554-இல் தொடங்கியது. சோவியத் காலத்தில் பல கட்டடங்கள் வேறு வேலைக்குப் போய்ச் சிதைந்தன. அலங்காரமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். உயர்ந்த தூண்கள் கொண்ட விண்ணேற்றப் பேராலயம், சுற்றிலும் புல், காக்கைகளின் சத்தம். நான் இங்கே ஒரு முழுக் காலையும் இருந்தேன்.

படி 8: மூன்றாம் நாள், ஊருக்கு வெளியே

வார்னீத்ஸி என்ற பக்கத்துக் கிராமத்தில் பழைய உப்பு ஊற்றுகளின் மரக்குழாய் மிச்சங்களைப் பார்க்கலாம். வார்னீத்ஸா என்றால் உப்புக் காய்ச்சும் கொட்டில். பெயரே கதையைச் சொல்லிவிடும்.

ஆற்றில் படகு கிடைத்தால் தேதவ் தீவுக்குப் போய்வாருங்கள். விடுதிக்காரரிடம் சொன்னால் ஆள் பிடித்துத் தருவார். விலையைப் படகில் ஏறுமுன் பேசுங்கள். சுஹோனாவின் நடுவே "லோஸ்" என்ற பெரும்பாறை ஒன்று உண்டு. பீட்டர் பேரரசர் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது ஊர்க்கதை.

காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள். பாதை தெரிவதுபோலத் தெரியும், நூறு அடியில் காணாமல் போகும். மே முதல் செப்டம்பர்வரை உண்ணி உண்டு. மூளைக்காய்ச்சல் பரப்பும் வகையும் இந்தப் பகுதியில் இருக்கிறது. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி என்று முழுப் பரிசோதனை. கடித்திருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அவசர எண் 112. காளானை நீங்களாகப் பறித்துச் சமைக்காதீர்கள்.

படி 9: சாப்பாடு

ரகூல்க்கா என்று ஒன்றை எங்கும் பார்ப்பீர்கள். கோதுமைக்கு உறவான தானியமான ரையின் மாவை மெல்லிய வட்டமாகத் தட்டி, மேலே உருளைக்கிழங்கு மசியல் வைத்து, ஓரத்தைக் கிள்ளி மடித்துச் சுட்டது. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் வெண்ணெய் தடவிச் சாப்பிட வேண்டும். வோலக்தா வெண்ணெய் பேர்போனது: பாலாடையை நன்றாகச் சூடாக்கி எடுப்பதால் கொட்டைப் பருப்பு வாசம் வரும். முட்டைக்கோசின் பச்சை வெளியிலைகளைக் கொத்திப் புளிக்கவைத்துச் செய்யும் "சாம்பல் ஷீ" சூப்பையும் விடாதீர்கள். பார்க்க மங்கலாக இருக்கும், முதல் கரண்டியிலேயே புளிப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "வெஜிடேரியன்" என்று சொல்லிப் பயனில்லை. "போஸ்த்னயெ" என்று கேளுங்கள். ஆர்த்தடாக்ஸ் விரத காலத்து உணவுக்கு அந்தப் பெயர்: இறைச்சி, பால், முட்டை எதுவும் இராது. மீன் மட்டும் சில நேரம் சேரும் என்பதால் "பெஸ் ரீபி", மீன் வேண்டாம், என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் ஒரு டப்பாவில் எடுத்துப் போனால் உருளைக்கிழங்கோடு அருமையாகச் சேரும்.

படி 10: பேச்சும் பழக்கமும்

ஆங்கிலம் பேசுவோர் அரிது. "ஸ்த்ராஸ்த்வுய்த்யெ" என்று வணக்கம் சொல்லி, "ஸ்பஸீபா" என்று நன்றி சொல்லிவிட்டால் முகம் மலரும். முதலில் சிரிக்கமாட்டார்கள், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டாரப் பேச்சில் 'ஒ' ஒலியை உருட்டி முழுதாகச் சொல்வார்கள். மாஸ்கோ பேச்சுக்குப் பழகிய காதுக்கு அது உடனே தெரியும். வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலிலேயே கழற்றுவது நம்மைப் போலத்தான். வாசற்படிக்கு இருபுறமும் நின்று கைகுலுக்கமாட்டார்கள்; உள்ளே போய்க் கைகொடுங்கள். பூ கொடுப்பதானால் ஒற்றைப்படையில். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

திரும்பும் வழி

திரும்பும் பேருந்துச் சீட்டை வந்த அன்றே வாங்கிவிடுங்கள், ஞாயிறு மாலைப் பேருந்துகள் நிறைந்துவிடும். நாள் மிச்சமிருந்தால் கிழக்கே வெலீகி உஸ்த்யூக்குக்குத் தொடருங்கள். குபேன்ஸ்கோயே ஏரியில் புறப்பட்டு 558 கி.மீ. ஓடிவந்த சுஹோனா அங்கே யூக் ஆற்றோடு சேர்கிறது. அதற்குப் பிறகு அதன் பெயர் வட த்வினா. ஒரு காலத்தில் மாஸ்கோவின் சரக்கு வெளிநாடு போன வழி அதுதான். பேருந்தில் இடம் கேட்கும்போது ஜன்னலோரமாகக் கேளுங்கள்.